ஜெர்மேன் வீட்டு ஏற்றம்

எனக்கு ஒன்பது வயதில் கண் போனது. அதற்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். ஐம்பத்தாறு வயதில் நான் ஓஷ் நகரத்தில் மூச்சுவிட நேரமில்லாத இயன்முறை மருத்துவர். எங்கள் நாட்டில் கண் தெரியாதவர்களை இந்தப் படிப்புக்கு அனுப்புவது பழைய வழக்கம். முதுகைத் தொட்டால் ஆள் எப்படி உட்காருகிறான், எந்தத் தோளில் பாரம் சுமக்கிறான், பெண்டாட்டியோடு சண்டையா சமாதானமா என்பது வரை சொல்லிவிடுவேன்.

லெயோன்ஸ் என்னிடம் இடுப்புப் பிடிப்போடு வந்தவர். முப்பத்தைந்து வருடம் தபால்காரர், ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பத்து தடவை அமுக்கிவிட்ட பிறகு ஒரு நாள் குப்புறப் படுத்தபடியே கேட்டார்.

"ஏம்மா ரோஸ்லின், சைக்கிள்ல பின்னால உக்காந்து மிதிக்க வருமா உனக்கு?"

"மிதிக்கக் கால்தானய்யா வேணும். கண்ணா வேணும்?"

அவர் இருந்த சைக்கிள் சங்கத்தில் இரண்டு பேர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் ஒன்று சும்மா கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். அதிலிருந்து நான்கு வருடம், மழை பெய்தால் தவிர, ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவர் கால் எப்படிச் சுற்றுகிறதோ அப்படித்தான் பின்னால் இருப்பவர் காலும் சுற்றும். இரண்டையும் ஒரு சங்கிலி பிணைத்திருக்கிறது. அவர் சோர்ந்தால் எனக்குத் தெரியும். நான் ஏமாற்றினால் அவருக்குத் தெரியும். "பள்ளம்" என்பார், பிட்டத்தைத் தூக்குவேன். "கியர்" என்பார், மிதியைத் தளர்த்துவேன். இந்த இரண்டு வார்த்தை போக மிச்ச நேரமெல்லாம் ஊர்க்கதை.

வழி அவருடையது. தபால் பையோடு சுற்றிய காலத்தில் அவர் மிதிக்காத சந்து இந்த மாவட்டத்தில் கிடையாது. நடுவில் புல் முளைத்த, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைச் சாலைகளாகப் பொறுக்கிக் கோத்து வைத்திருந்தார். மேடு, இறக்கம், மறுபடி மேடு. "மூணு மணி நேரத்துல ரெண்டு கார் வந்தா அது கெட்ட நாளு" என்பார். அந்த வழியைச் சங்கத்தில் யாருக்கும் சொன்னதில்லை. காகிதத்தில் எழுதியதில்லை. எனக்கும்கூட ஊர்ப் பெயர்களைச் சொல்லமாட்டார். "பேரு எதுக்கும்மா? நீ போய் நாலு பேருகிட்டச் சொல்லுவ. அடுத்த வாரம் நாப்பது பேரு ஜெர்சி மாட்டிக்கிட்டு வந்து நிப்பான்." அமைதியான சாலை கிடைத்தவர்கள் எல்லாருக்கும் இருக்கும் வியாதி இது. நானும் கேட்கவில்லை. எனக்குப் பெயர் வேண்டாம், அங்கே என்ன தெரிகிறது என்பதுதான் வேண்டும். போகும் வழியெல்லாம் "இப்ப என்ன இருக்கு? இப்ப என்ன இருக்கு?" என்று பிடுங்கி எடுப்பேன்.

அப்படித்தான் ஜெர்மேன் வந்தாள்.

வழியிலேயே நீளமான ஏற்றம் ஒன்று. அதன் உச்சியில் ஒரு வீடு, நீல ஜன்னல் கதவுகள், கொடியில் காயும் துணி, ஜெர்மேன் என்ற செம்பட்டை முடிக்காரி. புருஷன் இல்லாதவள். நாங்கள் போகும்போது துணி உலர்த்திக்கொண்டே கையசைப்பாள். "கையைத் தூக்கு, பாக்குறா" என்பார் லெயோன்ஸ். நானும் தூக்கி ஆட்டுவேன். ஒரு தடவை அவள் கைமுறிந்து கட்டுப் போட்டிருந்தாள். ஒரு தடவை மோட்டார் ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். மூன்றாம் வருடம் நான் ஆப்ரிகாட் பழ ஜாம் ஒரு புட்டி செய்து, "உன் ஜெர்மேனுக்குக் குடுத்துடு" என்று லெயோன்ஸிடம் கொடுத்தேன். ரொம்ப ருசி என்று சொல்லியனுப்பினாள்.

"யோவ், எத்தன நாளைக்கு ரோட்டுல இருந்தே கையாட்டுவ? போய்க் கேளு, கட்டிக்கிறியான்னு."

"சும்மா வாம்மா."

"வெக்கத்தப் பாரு. அறுபத்தேழு வயசுல."

அவர் சிரித்துவிட்டு "கியர்" என்பார்.

அந்த ஜூலை ஞாயிறு வெயில் காலையிலேயே பிடரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. லெயோன்ஸ் அரை மணி தாமதமாக வந்தார். ராத்திரி வாத்துக்கறி சேரவில்லை, நெஞ்சைக் கரிக்கிறது என்றார். முதல் இரண்டு மேட்டிலும் அவர் பக்கம் மிதியில் பலம் இல்லை. நான் உடம்பைப் படித்தவள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கிண்டல் செய்தேன்.

"யோவ், நீ என்னை இழுத்துட்டுப் போறியா, நான் உன்னைத் தள்ளிட்டுப் போறேனா?"

 ஜெர்மேன் வீட்டு ஏற்றத்தின் அடிவாரப் பள்ளத்துக்கு இறங்கி, ஏறத் தொடங்கியதும் மிதி இரண்டும் என் காலுக்கே வந்துவிட்டன. அவர் கால் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிக்கலாம்" என்றார். நின்றோம். சைக்கிள் இடது பக்கம் சாய, அவரும் அதோடு சேர்ந்து போனார்.

தடவிப் பிடித்தேன். சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது, ஆனால் தோல் சில்லென்று இருந்தது. நாடி குதித்துக் குதித்து ஓடியது. இடது தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினார். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்து, வரப்பில் சாய்த்து உட்காரவைத்தேன். மேலே ஓக் மரம் இருந்தது, முகத்தில் வெயில் விழவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். கைபேசியில் 112 அழுத்தினேன். மூன்று முறை கீச்சென்றுவிட்டு அடங்கிப்போனது. மறுபடி. மறுபடி. பள்ளத்தில் அலை வராது என்று அவரே பெருமையாகச் சொன்ன இடம் இது. இங்கே வந்தால் மகள்கூடத் தொல்லை செய்ய முடியாதாம்.

அப்போதுதான் நினைவு வந்தது.

"ஜெர்மேன் வீட்டுல போன் இருக்கும்ல? நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வரேன். ஸ்கூட்டர் வேற வச்சிருக்கா."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்... ரோஸ்லின்... அங்க..."

"சாகக் கிடக்கும்போதும் வெக்கமாய்யா உனக்கு? அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

"இல்ல... கேளு... அந்த..."

"பேசாத. மூச்சைச் சேத்து வை. ஒரு வார்த்த பேசக்கூடாது, சொல்லிட்டேன்."

நோயாளிகளை அதட்டி அதட்டிப் பழகிய வாய். அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்தேன். இதை நான் எழுதியே ஆகவேண்டும். அவர் விடவில்லை. நான்தான் பிரித்தேன்.

சைக்கிள் பையிலிருந்து மடக்குக் கோலை எடுத்தேன். அடியில் இரும்பு வைத்த சைக்கிள் செருப்பு தாரில் வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டுச் சாலை நடுவில் இருந்த புல்லில் காலுறையோடு ஏறினேன். தொலைந்துவிடக் கூடாது என்று அடிகளை எண்ணிக்கொண்டே போனேன். வெயில் முதுகில் அறைந்தது. இருநூற்றுப் பத்தில் வலது பக்கம் எங்கோ மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஆள் சாலையில் இருக்கமாட்டான். எல்லாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாகிவிட்டது, மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். முந்நூற்று அறுபதில் இன்னொரு மணி, இடது பக்கம், அதுவும் பன்னிரண்டு. சனியனே, எத்தனை தடவைதான் சாப்பிடக் கூப்பிடுவாய் என்று கத்தினேன்.

அறுநூற்று நாற்பதில் சாலை சமமானது. உச்சி.

"ஜெர்மேன்! ஜெர்மேன்! கதவத் தொறங்க!"

வெட்டுக்கிளிச் சத்தம். நாய்கூடக் குரைக்கவில்லை. சாப்பிடப் போயிருப்பாள், உள்ளே இருப்பாள். எந்தப் பக்கம் வீடு? அவர் எப்போதும் வலது கையைத் தூக்கச் சொல்வார். வலப்பக்கம் இறங்கினேன். முள் கிழித்தது. கோல் கம்பி வேலியில் பட்டது. வேலியின் ஓட்டை வழியே நுழைந்து நான்கடி போனதும் கை சுவரில் இடித்தது. அப்பாடா என்று இருந்தது. சுவரைத் தட்டிக்கொண்டே கதவைத் தேடி நடந்தேன். சொரசொரப்பான சிமெண்ட். ஜன்னல் இல்லை. மூலையும் இல்லை. கை வைத்த சுவர் வளைந்து வளைந்து போய், நான் கிழித்துக்கொண்டு வந்த அதே முள்ளில் கொண்டுவந்து விட்டது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தண்ணீர் முனகிக்கொண்டிருந்தது.

தண்ணீர்த் தொட்டி. நான்கு வருடமாக நான் தண்ணீர்த் தொட்டிக்குக் கையாட்டியிருக்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஓடிப் பார்த்தேன். இடுப்புயரச் சூரியகாந்தி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். "ஜெர்மேன்" என்று இன்னொரு தடவை கத்தினேன், வெட்கமில்லாமல், இல்லாத ஒருத்தியை. கட்டுப் போட்ட கை, ஸ்கூட்டர், செம்பட்டை முடி, எல்லாம் அவர் ஜோடித்தது. அப்படியானால் என் ஜாமை எவன் தின்றான்? அந்த நேரத்தில் எனக்கு இதுதான் தோன்றியது. மனித புத்தி அவ்வளவுதான். பிறகு, கீழே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எதைச் சொல்ல வந்தார் என்பது விளங்கியது. 

கைபேசியை அழுத்தினேன். உச்சியில் அலை கிடைத்து, அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

"அவசர உதவி. சொல்லுங்க மதாம்."

"நெஞ்சு வலி. அறுபத்தேழு வயசு ஆம்பள. சைக்கிள்ல வந்தோம், சீக்கிரம் ஆள அனுப்புங்க."

"எந்த ஊருல இருக்கீங்க?"

  நான்கு வருட வழி எனக்கு மனப்பாடம். கோணல் கோபுரக் கோயில், வாத்துப் பண்ணை, மஞ்சள் வேலி போட்ட பள்ளிக்கூடம். அதில் எது உண்மை, எது ஜெர்மேன்?

"தெரியல."

"பக்கத்துல என்ன தெரியுது பாருங்க. பலகை ஏதாவது?"

"எனக்குக் கண்ணு தெரியாது, தாயே!"

"சைக்கிள்ல வந்தோம்னு சொன்ன மாதிரி..."

"ரெட்டைச் சைக்கிளு! முன்னால ஓட்டுனவருதான் கீழ விழுந்து கெடக்காரு! நான் குடிக்கல, எனக்குப் பைத்தியமும் இல்ல. தயவுசெஞ்சு போனை வைக்காதீங்க."

அவள் வைக்கவில்லை. நல்ல பெண். ஓஷிலிருந்து எவ்வளவு நேரம் மிதித்தீர்கள் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. அவர் சொன்னதையெல்லாம் தூக்கித் தூரப் போட்டேன். என் காலுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரிந்ததை மட்டும் சொன்னேன். இரண்டே கால் மணி நேரம். முதலில் இரும்புப் பாலம், அடியில் ஓசை எழும்பும். பிறகு ரயில் தண்டவாளம், இரண்டு குலுக்கல். வலது பக்கம் திரும்பியதும் பன்றி நாற்றம். அப்புறம் மூன்று மேடு, மூன்றாவது பெரியது. உச்சியில் தண்ணீர்த் தொட்டி.

"மதாம், அந்தப் பக்கம் தொட்டியே ஆறு இருக்கு. இருங்க, அங்க இருக்குற தொண்டர் படைக்காரர லைன்ல போடுறேன்."

ஒரு ஆண் குரல் வந்தது. வாயில் சோறோ ரொட்டியோ மென்றுகொண்டே வந்து, பிறகு விழுங்கியது. ஆம்புலன்ஸும் ஓட்டும் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர் சேவ்ரேன் என்றார்.

"அம்மா, பன்னெண்டு மணிக்குக் கோயில் மணி கேட்டுச்சா?"

"ரெண்டு தடவ கேட்டுச்சு. மொதல்ல வலப்பக்கம். அது முடிஞ்சு நான் நூத்தம்பது அடி நடந்தப்புறம் எடப்பக்கம் ஒண்ணு."

"லேட்டா அடிச்சதா? அது எங்க ஊரு மணி! ரெண்டு நிமிஷம் லேட்டு. ரிப்பேர் பண்ணுய்யான்னு மேயருகிட்ட மூணு வருஷமா கத்துறேன். புரிஞ்சுபோச்சு, லாஸ்குரெத் மேட்டுத் தொட்டி. அங்கேருந்து ரெண்டு எறக்கம் இருக்கு. ஆளு எந்த எறக்கத்துல?"

"ஏறும்போது வெயிலு என் முதுகுல அடிச்சுது."

"தெக்குப் பக்கம். சரி. நீங்க தொட்டிகிட்டயே நில்லுங்க. எறங்கிடாதீங்க. எறங்குனா போன் செத்துடும், ஒருவேள நான் எடத்தத் தப்பாப் பிடிச்சிருந்தா மறுபடி உங்கள எங்க தேடுறது? இருவது நிமிஷம்."

இருபது நிமிடம். அறுநூற்று நாற்பது அடி கீழே அவர் தனியாகக் கிடக்கிறார். எனக்கு நெஞ்சை அழுத்திக் ரத்தத்தை ஓடவைக்கத் தெரியும். அந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய கை அதிகம் இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் ஒரு தொட்டிக்குக் காவல் நின்றேன். மூன்று தடவை இறங்கத் தொடங்கினேன். ஒரு தடவை எண்பது அடி போய்விட்டு, கைபேசித் தொடர்பு அறுந்துவிடுமோ என்று பயந்து ஓடி வந்தேன். "லெயோன்ஸ்! வராங்க! வராங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று மேல்நோக்கி அடித்தது. குரல் என் பின்னால்தான் போயிருக்கும்.

நான்கு வருடமாக இந்தச் சாலையின் அமைதியை நான் கொண்டாடியிருக்கிறேன். வானம்பாடி, புல் டயரில் உரசும் சத்தம், ஆஹா ஓஹோ. அன்று அங்கே நின்று ஒரு டிராக்டருக்குக் கெஞ்சினேன். ஒரு குடிகாரனுக்கு, வழி தவறிய ஒரு காருக்கு, சங்கத்தின் நாற்பது ஜெர்சிக்கார மடையர்களுக்குக் கெஞ்சினேன். ஒருவரும் வரவில்லை. இவ்வளவு நல்ல சாலையை அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார்.

வண்டிச் சத்தம் வடக்கிலிருந்து வந்தது. கோலைத் தலைக்கு மேல் ஆட்டினேன். தொண்டர் பையன்கள் இரண்டு பேர் பின்னால் இருந்தார்கள், சேவ்ரேன் என்னைப் பிடித்து முன்னால் ஏற்றினார். அவர் மேல் பூண்டும் ஒயினும் மணந்தன. அதைவிட நல்ல மணம் என் வாழ்நாளில் நான் முகர்ந்ததில்லை. வண்டி இறங்கியது. எத்தனை வளைவு, எவ்வளவு தூரம் என்று என் உடம்புக்குத் தெரியும். பாதி தூரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் பிரேக் போட்டார்கள்.

"ஏன் நிக்குறீங்க? இன்னும் கீழ போகணும்."

"இங்கதாம்மா கெடக்காரு."

"இல்ல, நான் மரத்தடியில உக்கார வச்சேன். சைக்கிள் பக்கத்துல. இன்னும் கீழ."

"சைக்கிள் தெரியுது. அது ரொம்பக் கீழ கெடக்கு. ஆளு இங்க, ரோட்டு நடுவுல."

இறங்கி ஓடினேன். யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். உயிர் இருந்தது. ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள், ஊசி போட்டார்கள், தூக்கினார்கள். "எனக்குத் தொழில் தெரியும், நான் வருவேன்" என்று சண்டை போட்டு வண்டியின் பின்பக்கம் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன்.

உள்ளங்கையில் தோல் இல்லை. தாரும் சின்னச் சின்னக் கல்லும் சதைக்குள் ஏறியிருந்தன. மற்றக் கையும் அப்படித்தான். முழங்காலைத் தொட்டேன், சைக்கிள் கால்சட்டை கிழிந்து ஈரமாக இருந்தது. என் விரல்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் இருநூறு அடிக்கு மேல் ஏற்றத்தில் தவழ்ந்திருக்கிறார். உதவிக்கு இல்லை. உதவிக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேனே. இல்லாத வீட்டில் கதவைத் தேடி நான் நேரத்தைத் தொலைப்பேன் என்று தெரிந்து, என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்.

முகமூடிக்குள் உதடு அசைந்தது. என் விரலை அவர் கன்னத்தில் வைத்தேன். கன்னம் நனைந்திருந்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியும்யா. பரவால்ல. வெறும் ரோடுன்னு சொன்னா நான் மொகத்தத் தூக்கி வச்சுக்குவேன்னுதானே ஒரு பொம்பளய உண்டாக்குன. நல்லாத்தான் இருந்தா அவ." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. தண்ணீர் புட்டியைத் திறந்து அவர் உள்ளங்கையிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் பிழைத்து வரட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று நினைத்தேன். திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். ஜாமில் தொடங்குவதாக இருந்தேன்.

ஓஷ் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று முன்னால் சேவ்ரேன் கத்திச் சொன்னபோது, வலது உள்ளங்கையை முடித்துவிட்டு இடது கைக்கு வந்திருந்தேன். அதில் பாதி கல் எடுப்பதற்குள் விரல்கள் என் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டன. பக்கத்திலிருந்த பையன்கள் என்னைத் தள்ளிவிட்டு அவர் மேல் குனிந்தார்கள். எண்ணி எண்ணி அழுத்தினார்கள். நான் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, அவர்கள் சரியாகத்தான் அழுத்துகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.